கோடையும் கோடும்: ஒரு பரிந்துரைப் பட்டியலும் அதன் அரசியலும்

1

சித்திரை பிறந்ததும் நமது பத்திரிகைகள் இரண்டு பட்டியல்களைப் போடத் தொடங்கிவிடுகின்றன. ஒன்று, வெயில் நூறு டிகிரியைத் தாண்டிய ஊர்களின் பட்டியல். மற்றது, 'இந்தக் கோடையில் என்ன படிக்கலாம்' என்கிற புத்தகப் பட்டியல். முதல் பட்டியலில் திருத்தணி அநேகமாகத் தவறுவதேயில்லை. முருகனின் சினம் தணிந்த இடம் என்று புராணம் சொல்கிறது. வெயில் தணிந்ததாக எந்தப் புராணமும் இல்லை. இரண்டாவது பட்டியலில் திருத்தணிக்கு, அல்லது திருத்தணி மாதிரியான எந்த ஊருக்கும், இடம் கிடையாது. அதைத் தயாரிப்பவர் மனதில் இருக்கிற வாசகர் வேறு யாரோ. அவருக்கு லீவு இருக்கிறது. லீவில் போக ஒரு மலைவாசஸ்தலமோ குறைந்தபட்சம் ஒரு நிழலான வராந்தாவோ இருக்கிறது. கையில் காசு இருக்கிறது. முக்கியமாக, அவரை யாரும் நடுவில் எழுப்பமாட்டார்கள்.

'கோடை வாசிப்பு' என்ற சொல்லாடலே இரவல். குளிர்நாட்டு மனிதனுக்குக் கோடை என்பது வரம். கடற்கரையில் போய்ப் படுத்துக்கொண்டு படிக்க அவனுக்குக் கனமில்லாத புத்தகம் தேவைப்பட்டது. பதிப்பாளர்கள் அதை ஒரு சரக்காக்கினார்கள். தமிழில் புத்தகப் பருவம் என்பது தை மாதம். 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டித்தான் நமது பதிப்பாளர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு புத்தகம் அடிக்கிறார்கள். ஜனவரியில் வெளியீட்டு விழா, பிப்ரவரியில் மதிப்புரை, மார்ச்சில் மறதி. ஆகவே நமக்குக் கோடை என்பது புதுப் புத்தகம் வருகிற காலமே கிடையாது. தையில் வந்தவற்றில், போன தையில் வந்தவற்றில், அதற்கும் முன்னால் வந்தவற்றில் எது மிஞ்சியது என்று பார்க்கிற காலம். இந்தக் கட்டுரையில் 'அண்மைய' என்று நான் சொல்வது அப்படி மிஞ்சியவற்றைத்தான். பத்துப் பன்னிரண்டு வருடம் ஒரு புத்தகத்துக்கு வயதே அல்ல.

நமக்கென்று ஒரு கோடை வாசிப்பு இல்லாமலும் இல்லை. முழுப் பரீட்சை முடிந்த மறுநாள் தொடங்கும் அது. அம்புலிமாமா, முத்து காமிக்ஸ், ராணி காமிக்ஸ். 1980களில் லயன் காமிக்ஸ் 'கோடை மலர்' என்றே பெயர் வைத்துத் தடித்த புத்தகம் போட்டது. அதற்குப் பிறகு ரயில் நிலையக் கடையிலும் பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடையிலும் கிளிப் மாட்டித் தொங்கிய மாத நாவல்கள்: ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர், ரமணிசந்திரன். அரக்கோணம் – ரேணிகுண்டா தடத்தில் ரயிலேறுகிறவர் ஒரு பாக்கெட் நாவலைத் திருத்தணியில் தொடங்கிப் புத்தூருக்குள் கொலையாளியைக் கண்டுபிடித்துவிடலாம். இந்த வாசிப்பு எந்தப் பட்டியலிலும் ஏறியதில்லை. ஏறாததற்குக் காரணம் உண்டு.

2

இந்தப் பக்கங்களைப் படிக்கிற நண்பர்களில் பாதிப் பேர் இயக்கங்களில் இருப்பவர்கள். 'கோடைக்கு என்ன படிக்கலாம்' என்று அவர்களிடம் கேட்டால், "தோழர், படிக்கிறதுக்கு சீசன் வேறயா?" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் கூடவே ஒரு பழைய இறுக்கமும் இருக்கிறது. வாசிப்பு என்பது கடமை, அரசியல் கல்வியின் ஒரு பகுதி, இன்பத்துக்காகப் படிப்பது நடுத்தர வர்க்கத்தின் சொகுசு என்கிற இறுக்கம். மறுபக்கம் 'தீவிர இலக்கிய'க்காரர்களின் இறுக்கம்: கனமானது உயர்ந்தது, லேசானது மட்டமானது, துப்பறியும் கதை தீட்டு. இரண்டு தரப்பும் சண்டைக்காரர்கள்தாம். ஆனால் உழைத்துக் களைத்தவன் சந்தோஷமாக எதையாவது படிப்பதை இரண்டு பேருமே நம்புவதில்லை என்ற இடத்தில் ஒன்றாகிவிடுகிறார்கள்.

மார்க்சின் மருமகன் பால் லஃபார்க் 1880இல் எழுதிய சிறு பிரசுரம் ஒன்று சோம்பேறியாக இருப்பதற்கான உரிமையைப் பற்றிப் பேசியது. வேலை கேட்டுப் போராடுவது மட்டும் போதாது, வேலை செய்யாத நேரத்தையும் கேட்டு வாங்க வேண்டும் என்பது அதன் சாரம். நூறு ஆண்டு கழித்து, 1981இல், ழாக் ரான்சியேர் பாட்டாளிகளின் இரவுகளைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். 1830களின் பாரிஸில் தச்சர்களும் தையற்காரர்களும் அச்சுக்கோர்ப்பவர்களும் தூங்கவேண்டிய இரவைத் திருடிக் கவிதை எழுதினார்கள், பத்திரிகை நடத்தினார்கள், தத்துவம் பேசினார்கள் என்று ஆவணக்காப்பகங்களைத் தோண்டிக் காட்டினார். உழைப்பவன் பகலில் உழைக்க வேண்டும், இரவில் உறங்க வேண்டும், சிந்திப்பதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்பதுதான் வர்க்கப் பிரிவினையின் அடிப்படை. அந்த இரவுகள் அதை உடைத்தன என்பது ரான்சியேரின் வாதம்.

இதைத் திருத்தணிப் பக்கத்துக்குக் கொண்டுவந்து பார்ப்போம். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், பள்ளிப்பட்டு என்று இந்த வட்டாரம் முழுக்க விசைத்தறி. எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியிலும் அதே தறி, அதே சத்தம். தறி ஓடின அளவுக்குத்தான் கூலி. பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை உண்டு, தறிக்குக் கிடையாது. தறிக்குக் கிடைக்கிற விடுமுறை, கரண்ட் போகிற நேரமும் பாவு கிடைக்காத நாளும்தான். அது யாரும் விரும்பி எடுக்கிற லீவு அல்ல. கூலி போகிற லீவு. ஆனாலும் அது நேரம். அந்த நேரத்தில் ஒருவர் கையில் என்ன புத்தகம் இருக்கலாம் என்று யோசித்துப் போடுகிற பட்டியல்தான் என்னைப் பொறுத்தவரை கோடைப் பட்டியல். வராந்தாக்காரருக்கு ஏற்கனவே நிறைய பட்டியல் இருக்கிறது; அவரை விட்டுவிடுவோம்.

வகைமைகளின் படிநிலை என்பது வாசகர்களின் படிநிலை என்று பியர் பூர்தியு 1979இலேயே விரிவாக எழுதிவிட்டார். நமக்கு அதை நிரூபிக்க ஒரு உள்ளூர் உதாரணமே போதும். ராஜேஷ்குமாரும் மற்றவர்களும் தமிழில் லட்சக்கணக்கான பேரால் படிக்கப்பட்டபோது அது 'குப்பை'. 2008இல் பிளாஃப்ட் பதிப்பகம் பிரீதம் சக்ரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் அந்தக் கதைகளை ஆங்கிலத் தொகுப்பாகப் போட்டதும் அது 'கலாச்சார நிகழ்வு'. கதை மாறவில்லை, அட்டைப்படம்கூடப் பெரிதாக மாறவில்லை. வாசிக்கிற ஆள் மாறினான், அவ்வளவுதான். நான் இங்கே மாத நாவலைத் தலையில் தூக்கிவைத்து ஆடச் சொல்லவில்லை. அவற்றில் பெண்ணைப் பற்றியும் சாதியைப் பற்றியும் இருக்கிற கசடு எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கசடு 'தீவிர' எழுத்தில் இல்லவே இல்லையா? அங்கே அது நல்ல நடையில் இருக்கிறது.

3

திருத்தணியில் உட்கார்ந்துகொண்டு பட்டியல் போடும்போது இன்னொரு கோடும் குறுக்கே வருகிறது. மாநில எல்லைக் கோடு.

1953இல் ஆந்திரம் பிரிந்தபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போனது. குருவராயப்பேட்டையிலிருந்து இந்த வட்டாரம் முழுக்கத் தமிழ் வகுப்புகள் நடத்திய மங்கலங்கிழாரின் உழைப்பு, ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கரின் பரிந்துரை, 1959இன் எல்லை மாற்றச் சட்டம் என்று பல படிகளைத் தாண்டி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி.யின் தன்வரலாறான 'எனது போராட்டம்' இந்தக் கதையை அவர் பக்கத்திலிருந்து சொல்கிறது. அது அண்மைய புத்தகம் இல்லை, 1974. ஆனாலும் எல்லையோர வாசகர் படித்தாக வேண்டியது. தமிழ்ப் பெருமிதம் எங்கே ஜனநாயகக் கோரிக்கையாக இருக்கிறது, எங்கே அது பக்கத்து வீட்டுக்காரரை அந்நியராக்குகிறது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே படிக்கலாம்.

நிலத்தில் போட்ட கோடு நிலத்தோடு நிற்கவில்லை; புத்தக அலமாரிக்குள்ளும் இறங்கியது. இந்த ஊர்ப் பகுதிகளில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறையப் பேர். 2006இன் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு படித்து வந்த தலைமுறைக்குத் தமிழ் கட்டாயம். தமிழ் கற்பது நல்லதுதான், அதில் சண்டையில்லை. ஆனால் விளைவு என்ன? வீட்டில் பேசுவது தெலுங்கு, எழுதப் படிக்க வருவது தமிழ் என்று பலர் ஆகியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் நகரியிலும் புத்தூரிலும் சித்தூரிலும் வீட்டில் தமிழ் பேசித் தெலுங்கு மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்குத் தாய்மொழி இலக்கியம் என்பது எது? காது ஒரு மொழியில், கண் இன்னொரு மொழியில். இந்த ஊர் உலகத்துக்குக் கொடுத்த மிகப் பிரபலமான நூலாசிரியர், 1888இல் இங்கே பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், தெலுங்குக் குடும்பத்தில் பிறந்து தமது பெயர்பெற்ற நூல்களை ஆங்கிலத்தில் எழுதினார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மேல்தட்டு, கோட்டைத் தாண்டுவதற்கு ஆங்கில ஏணி வைத்துக்கொண்டது. ஏணி இல்லாதவர்களுக்கு என்ன வழி?

ஒரு வழி இருந்தது. அதை நாம்தான் இலக்கியம் என்று எண்ணவில்லை. 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்ரபாணியும் சென்னையில் தொடங்கிய மாதப் பத்திரிகை தெலுங்கில் சந்தமாமா, தமிழில் அம்புலிமாமா. அதே படம், அதே வேதாளம், இரண்டு எழுத்து. எல்லைக்கு இரு பக்கமும் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் ஒரே கதையைப் படித்திருக்கிறார்கள். இந்த நூற்றாண்டின் இரண்டாவது பத்தாண்டில் அது நின்றுபோனது. இன்னொரு பாலம் எண்டமூரி வீரேந்திரநாத். 1980களில் சுசீலா கனகதுர்காவின் மொழிபெயர்ப்பில் 'துளசி தளம்' மாதிரியான திகில் தொடர்கள் தமிழ்க் குடும்பங்களை இரவில் விளக்கை அணைக்கவிடாமல் செய்தன. மந்திரம், பில்லிசூனியம், முற்போக்குக்கு நேர் எதிர், எல்லாம் சரி. ஆனால் எல்லையைத் தாண்டி வந்த தெலுங்கு எழுத்து அதுதான்.

எல்லைக்குப் பக்கத்திலேயே, சித்தூர் மாவட்டத்துக் கிராமங்களையே எழுதிய மதுராந்தகம் ராஜாராம் 1993இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றவர். தமிழில் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எத்தனை பேர்? போர்ஹேயும் மார்க்கேஸும் நமக்கு மனப்பாடம். பத்து மைல் தள்ளியிருக்கிற நகரி தெரியாது. லத்தீன் அமெரிக்காவுக்கு விமானத்தில் போய் இறங்கிவிட்டோம்; பக்கத்து ஊருக்குப் பஸ் இல்லை என்கிறோம்.

4

சரி, பட்டியலுக்கு வருவோம். மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு தேர்ந்தேன். நடுநடுவே எழுந்து போய்விட்டு வந்தாலும் இந்தப் புத்தகம் விட்ட இடத்தில் நம்மை மறுபடி பிடித்துக்கொள்கிறதா? ஏதாவது ஒரு கோட்டை, அது வகைமையின் கோடோ சாதியின் கோடோ மாநிலத்தின் கோடோ, தாண்டுகிறதா? பக்கத்தில் இருப்பவருக்கு வாய்விட்டுப் படித்துக்காட்ட முடியுமா?

முதலில் தெலுங்கிலிருந்து வந்தவை. கேசவ ரெட்டியின் 'அவன் காட்டை வென்றான்'. நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் போட்ட சிறிய நாவல். கேசவ ரெட்டி (1946–2015) சித்தூர் மாவட்டத்தில் பிறந்தவர், தொழுநோய் மருத்துவர். பன்றி மேய்க்கிற ஒரு கிழவன், காணாமல் போன சினைப்பன்றியைத் தேடி ராத்திரியில் காட்டுக்குள் போகிறான், கதை அவ்வளவுதான். ஹெமிங்வேயின் கடல் கிழவனை எல்லோரும் ஞாபகப்படுத்துவார்கள். எனக்கு வித்தியாசம்தான் முக்கியமாகப் படுகிறது. கடல் கிழவனுக்கு மீன் எதிரி. தோற்றாலும் அவன் வீரன். இந்தக் கிழவனுக்குப் பன்றி எதிரியில்லை, பிழைப்பு, உறவென்றுகூடச் சொல்லலாம். ஊர் தீட்டென்று ஒதுக்கிய ஒரு பிராணி, அதை மேய்ப்பதால் ஒதுக்கப்பட்ட ஒரு மனிதன், இவர்களுக்கு நடுவே ஒரு காவியத்தை நிறுத்திக் காட்டியிருக்கிறார். ஒரே மூச்சில் படிக்கலாம். ஒரு ராத்திரிக் கதையை ஒரு ராத்திரியில் முடிப்பதுதான் சரி.

ஓல்காவின் 'விமுக்தா', கௌரி கிருபானந்தன் மொழிபெயர்ப்பில் 'மீட்சி'. மூலம் 2015இல் தெலுங்குக்கான சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. தமிழாக்கத்துக்கு மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்தது. ராமாயணத்துச் சீதை, சூர்ப்பனகையையும் அகலிகையையும் ரேணுகையையும் ஊர்மிளையையும் சந்திக்கிறாள். இரண்டு பெண்களுக்கு நடுவே எப்போதும் ஒரு ஆணை நிறுத்திய கதையிலிருந்து அந்த ஆணைக் கொஞ்சம் ஒதுங்கி நிற்கச் சொன்னால் என்ன ஆகும் என்பதுதான் சோதனை. குறையும் சொல்லவேண்டும்: சில இடங்களில் பாத்திரங்கள் பேசுவது உரையாடலாக இல்லாமல் வகுப்பாகிவிடுகிறது. சூர்ப்பனகை இவ்வளவு நிதானமாகப் பாடம் எடுத்திருக்க வேண்டியதில்லை, கொஞ்சம் கோபப்பட்டிருக்கலாம். ஆனாலும் வாய்விட்டுப் படித்துக்காட்ட இதைவிடப் பொருத்தமான புத்தகம் குறைவு. ராமாயணம் தெரியாத வீடு எல்லைக்கு எந்தப் பக்கமும் இல்லை.

துப்பறியும் கதை. அம்பையின் 'அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு' (2014). மும்பையில் தொழில் நடத்துகிற பெண் துப்பறிவாளர் சுதா குப்தா. அம்பை போய் துப்பறியும் கதை எழுதுவதா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. சுளிப்பதற்கு முன் யோசிக்க வேண்டும்: தனியாகத் தெருவில் அலையவும் பிறர் வீட்டுக்குள் நுழைந்து கேள்வி கேட்கவும் உரிமை உள்ள பாத்திரம் துப்பறிபவர். தமிழ்ப் புனைகதையில் அந்த உரிமை கணேஷ் – வசந்துக்கு இருந்தது. பெண்ணுக்கு எப்போது இருந்தது? குற்றத்தின் முடிச்சைவிடக் குடும்பத்தின் முடிச்சுதான் அம்பைக்கு முக்கியம் என்பதால், 'யார் செய்தது' என்று மட்டும் தேடுகிறவர்களுக்குப் புதிர் கொஞ்சம் சுலபமாகத் தோன்றலாம். ராஜேஷ்குமார் படித்து வளர்ந்தவர்கள் அடுத்து எங்கே போவது என்று கேட்டால் நான் இதைத்தான் கையில் கொடுப்பேன்.

நாவல். இமையத்தின் 'செல்லாத பணம்' (2018). என்ஜினீயரிங் படித்த ரேவதி, வீட்டை எதிர்த்துக்கொண்டு ஆட்டோ ஓட்டுகிற ரவியைக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறாள். பிறகு அவள் தீக்காயங்களோடு ஜிப்மர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். தானே கொளுத்திக்கொண்டாளா, கொளுத்தப்பட்டாளா? திகில் கதைக்குரிய கேள்விதான். இமையம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதைவிட, அதைக் கேட்டுக்கொண்டு வார்டு வாசலில் காத்திருக்கிற சனங்களைப் பேசவிடுகிறார். நாவல் முழுக்கப் பேச்சு. பேச்சு சில இடங்களில் சுற்றிச் சுற்றி வருகிறது, சலிப்பு வருகிறது. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் மூன்று நாள் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், அங்கே பேச்சு அப்படித்தான் சுற்றும். பணம் இருக்கிறது, அது செல்லவில்லை என்கிற இடத்தில் நடுத்தர வர்க்கத்தின் மொத்த நம்பிக்கையும் கரிந்துபோகிறது. கோடைக்கு இவ்வளவு கனம் எதற்கு என்று கேட்கலாம். இதைக் கீழே வைக்க முடியாது என்பதுதான் பதில். வேகம் என்பது லேசான புத்தகங்களின் தனிச்சொத்து அல்ல.

இதோடு தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' (2020). கொங்குப் பகுதியின் நாவிதக் குடும்பங்களின் கதை. காரு மாமாவின் சாவைச் சுற்றி விரிகிறது. எல்லாருடைய நல்லது கெட்டதுக்கும் வேண்டியவர்கள், யாருடைய வரலாற்றிலும் இல்லாதவர்கள். அப்படிப்பட்டவர்களை எழுதும்போது அனுதாபம் ஒழுகிவிடும் ஆபத்து உண்டு. தேவிபாரதி அதைத் தவிர்த்திருக்கிறார்; அவர்களுக்குள்ளேயே இருக்கிற பூசலையும் பிரியத்தையும் சிரிப்பையும் எழுதியிருக்கிறார். 2023இல் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது. பரிசு கிடைத்தது என்பதற்காக ஒதுக்கிவிட வேண்டாம். நம்மில் சிலருக்கு அந்த வியாதி உண்டு.

வரலாறு. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908'. மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதாகிறார், மறுநாள் திருநெல்வேலி எழுகிறது, போலீஸ் சுட்டதில் நான்கு பேர் சாகிறார்கள். தலைவரின் கதையாகவே சொல்லிப் பழகிய ஒன்றைப் பெயர் தெரியாத கூட்டத்தின் கதையாக மாற்ற ஆவணங்களை எப்படி உலுக்க வேண்டும் என்று இதில் பார்க்கலாம். இயக்கத் தோழர்களுக்கு இது வரலாறு மட்டுமல்ல, முறையியலும்கூட. வடக்கெல்லைப் போராட்டத்துக்கு இப்படி ஒரு புத்தகம் இன்னும் எழுதப்பட வேண்டியிருக்கிறது என்ற பொறாமையோடு படிக்கலாம்.

தன்வரலாறு. தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' (2016). புலிகள் இயக்கத்தின் மகளிர் அரசியல் பிரிவில் பொறுப்பிலிருந்தவர். 2015இல் புற்றுநோயில் இறந்தார். புத்தகம் அவர் இறந்த பிறகு வந்தது. வந்தபோது இரண்டு பக்கமும் அடி. துரோகம் என்றார்கள் சிலர், தமக்கு வசதியான சாட்சியம் என்று கொண்டாடினார்கள் வேறு சிலர். நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே கும்மிடிப்பூண்டியில் ஈழ அகதிகளின் முகாம் இருக்கிறது. மேடையில் ஈழம் பேசுகிற நமக்கு, ஒரு பெண் போராளி தன் இயக்கத்தைத் திரும்பிப் பார்க்கும்போது என்ன பார்க்கிறாள் என்று கேட்கப் பொறுமை வேண்டும். ஏற்கவேண்டும் என்றில்லை, முடிவுவரை கேட்கவேண்டும்.

கவிதை. சுகிர்தராணியின் 'இப்படிக்கு ஏவாள்' (2016). பக்கத்து ராணிப்பேட்டை மாவட்டம் லாலாப்பேட்டைக்காரர், ஆசிரியர். 2021 ஆகஸ்டில் டெல்லி பல்கலைக்கழகம் தனது ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து மகாசுவேதா தேவியையும் பாமாவையும் சுகிர்தராணியையும் நீக்கியது. 2023இல், அதானி குழுமம் ஆதரவளிக்கிற விழா என்று தெரிந்ததும் தமக்கு அறிவிக்கப்பட்ட ஒரு விருதை அவர் மறுத்தார். இதற்காக அவரைப் படிக்க வேண்டியதில்லை. கவிதைக்காகப் படிக்க வேண்டும். அவரது கவிதையில் உடலும் சேரியும் தனித்தனித் தலைப்புகளாக வருவதில்லை. பெண்ணியம் ஒரு அலமாரி, தலித்தியம் ஒரு அலமாரி என்று அடுக்கி வைக்கிற விமர்சகர்களுக்கு அவர் தொடர்ந்து தொந்தரவு கொடுக்கிறார்.

கடைசியாகப் படக்கதை. சிவகாசியிலிருந்து லயன் – முத்து காமிக்ஸ் இன்றும் வருகிறது. டெக்ஸ் வில்லர் கதைகளில் ஏதாவது ஒன்றை எடுங்கள். இத்தாலியர்கள் 1948இல் உருவாக்கிய அமெரிக்கக் கௌபாய். நமக்குத் தமிழில் பேசுகிறான். ரேஞ்சராகவும் இருக்கிறான், நவஜோ பழங்குடிகளின் தலைவன் 'இரவுக் கழுகாக'வும் இருக்கிறான். சட்டத்தின் ஆளா, சட்டத்தால் விரட்டப்பட்டவர்களின் ஆளா என்கிற இழுபறியிலேயே கதை ஓடுகிறது. வெள்ளைக்காரன் ஒருவன்தான் பழங்குடிகளுக்குத் தலைமை தாங்க வேண்டுமா என்று கேட்க வேண்டியதுதான். பன்னிரண்டு வயதுப் பிள்ளையோடு சேர்ந்து படித்துவிட்டு இந்தக் கேள்வியை அவனிடமோ அவளிடமோ கேட்டுப் பாருங்கள். நாம் நடத்துகிற பல பயிலரங்குகளைவிடச் சூடான விவாதம் நடக்கும்.

5

"பட்டியல் எல்லாம் சரி, புத்தகத்துக்கு யார் காசு கொடுப்பா?" நியாயமான கேள்வி. அதற்கு வெளியே நின்று போடுகிற பட்டியல் வெறும் விளம்பரம்.

1948இன் பொது நூலகச் சட்டப்படி நாம் எல்லோரும் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி கட்டிக்கொண்டிருக்கிறோம். வாடகைக்கு இருப்பவரும் வாடகை வழியாக அதைக் கட்டுகிறார். கட்டுகிறவருக்கு அலமாரியில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்கிற உரிமை உண்டு. நம் போராட்டப் பட்டியலில் குடிநீர் இருக்கிறது, ரேஷன் இருக்கிறது. கிளை நூலகத்தின் அலமாரி ஏன் இல்லை? மேலே சொன்ன புத்தகங்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு நூலகரிடம் கொடுப்பது சிறிய காரியம்தான். அதோடு இன்னொரு கோரிக்கை: எல்லையோரக் கிளை நூலகங்களில் தெலுங்குப் புத்தகங்கள், தெலுங்கிலிருந்து தமிழுக்கு வந்தவை, தமிழிலிருந்து தெலுங்குக்குப் போனவை மூன்றும் ஒரே அலமாரியில் இருக்க வேண்டும். மலைக்குப் படியேறுகிற பக்தர்களுக்காக இரண்டு மொழியில் பலகை எழுதத் தெரிந்த ஊரில் புத்தகத்துக்கு மட்டும் ஏன் ஒரு மொழி?

இன்னொன்று, செல்போன். மாத நாவலின் இடத்தை இப்போது அது பிடித்துக்கொண்டது. பிரதிலிபி மாதிரியான செயலிகளில் தமிழிலும் தெலுங்கிலும் தொடர்கதை ஓடுகிறது; நிறைய எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் பெண்கள். சிறுபத்திரிகைக்காரர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியதில்லை, ஒரு காலத்தில் மாத நாவலைப் பற்றி எழுதாதது மாதிரியே. கிராம்சி சிறையில் உட்கார்ந்துகொண்டு மலிவுத் தொடர்கதைகளைப் பற்றிக் குறிப்பு எழுதினார். சனங்கள் எதைப் படிக்கிறார்கள், ஏன் அதைப் படிக்கிறார்கள் என்று தெரியாமல் சனங்களோடு பேச முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தச் செயலிகளில் சமையலறை வேலைக்கு நடுவில், குழந்தை தூங்குகிற அரைமணி நேரத்தில், ஒரு அத்தியாயத்தை எழுதி ஏற்றுகிற பெண், ரான்சியேர் சொன்ன இரவுத் திருடர்களின் வாரிசுதான். அவர் எழுதுவது எல்லாமே நன்றாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. அதைப் படித்துவிட்டுத்தான் நன்றாக இல்லை என்று சொல்ல வேண்டும்.

ஒரு பட்டியல் போடுவது என்பதே ஒரு எல்லைக்கோடு போடுவதுதான். சிலர் உள்ளே, பலர் வெளியே. என் பட்டியலும் அப்படித்தான். இதில் இருளர் வாழ்வைப் பற்றிய புத்தகம் இல்லை, அறிவியல் புனைகதை இல்லை, நாடகம் இல்லை. மதுராந்தகம் ராஜாராமைப் பற்றிப் புலம்பிவிட்டு அவருடைய புத்தகம் ஒன்றைக்கூட நான் சேர்க்கவில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். ஆகவே இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். அடித்து எழுதுங்கள், உங்கள் ஊரிலிருந்து இன்னொரு பட்டியல் போடுங்கள். நகரியில் இருக்கிற ஒருவர் தெலுங்கில் ஒன்று போட்டு அனுப்பினால் இன்னும் நல்லது. அதை மொழிபெயர்க்க இந்தப் பக்கத்தில் ஆள் இருக்கிறது. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் நாள் இருக்கிறது. கத்திரி முடியவும் இன்னும் நாள் இருக்கிறது.